உப்புத்தாள்

பண்டாரவளைச் சந்தைக்குக் கீழே
ஹார்ட்வெயார் கடையில் பெயின்ட் கலக்குகிறவன் நான்.
எனக்குச் சுவர்களைத் தெரியும்.
எந்த வீட்டு அறைக்கு எந்தப் பச்சை,
கல்யாணம் முடிந்தும் எந்தச் சுவர்
இன்னும் கடன் என்பதும்.

ஸுரைனா சோதிநாயகம் கால் லீட்டர்தான் வாங்குவாள்.
தகரக்கூரைச் சிவப்பு. ரயில்வே கேட் மஞ்சள்.
படம் கீற இது சரிவராது என்றேன் ஒருநாள்.
"லயத்தைக் கீறுறேன்.
லயத்துக்கு அடிக்கிறதாலதானே கீறணும்?"
எந்த லயம் என்று நான் கேட்கவில்லை.
காசை சிங்களத்தில் எண்ணி வைத்தாள்,
ஐம்பது ரூபா குறைந்தபோது
தாயின் மலாயில் யாரையோ திட்டினாள்.

அப்பா பூனாகலைப் பக்கம்
தேயிலை ஃபெக்டரியில் ரோலர் ஓட்டியவர்.
இவள் பாட்டில் அந்த ரோலர் சுற்றுகிறதாம்.
சொல்லும்வரை எனக்கு அது
மூன்றாம் அடியில் ஒரு நொண்டல்.
அம்மா பதுளை பொலிஸ் குவாட்டர்ஸில் வளர்ந்தவள்,
துணி காயப்போடும்போது மட்டும் பாடுவாள்,
பாதிப் பாட்டில் கிளிப் கேட்டுக் கை நீட்டுவாள்.
அதனால்தான் ஸுரைனாவின் பாட்டுகள்
எங்கேயாவது பாதியில் நின்று
எதையோ கேட்கும்.

கிட்டார், தியத்தலாவை முகாமில் பேண்ட் வாசித்து
பென்ஷன் வாங்கிய சில்வெஸ்டர் கடனாகக் கொடுத்தது.
திருப்பிக் கேட்பதற்குள்
அவர் மகளோடு ஒஸ்ட்ரேலியாவுக்குப் போய்விட்டார்.

போன மார்கழி. விடாத மழை. கென்வஸ் வாங்கக் காசில்லை.
கிட்டாரின் முகத்திலேயே கீறிவிட்டாள்.
வாய்த்துளையைச் சுற்றி மலை,
அதில் பெரட்டுக்கு ஏறும் பெண்கள்,
ஒவ்வொருத்தி முதுகிலும் கூடைக்குப் பதில்
ஒரு துண்டு வானம்.
கடைக்குக் கொண்டுவந்து காட்டினாள்.
ஹாஜியார்கூடக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.
பிறகு வாசித்தாள்.
மெத்தைக்குள் யாரோ பேசுவதுபோல் இருந்தது.

நாலு கோட் எனாமல்.
விற்றவன் நான். சொல்லியிருக்கலாம்.

பெரியப்பா காமன் கூத்துக்குத் தப்படிப்பவர்,
தோல் தொய்ந்தால் வைக்கோலைக் கொளுத்திக் காட்டுவார்.
அந்த நினைப்பில் இவள்
கிட்டாரை அடுப்புக்குக் காட்டியிருக்கிறாள்.
வானமெல்லாம் கொப்புளம்.
வந்து சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்,
அவள் நிறுத்திய பிறகும் கொஞ்சம்.

உப்புத்தாள் கேட்டாள். எண்பதாம் நம்பர்.
நூற்றிருபது கொடுத்தேன்.
மெதுவாகப் போகட்டும் என்று.

எட்டு நாள் தேய்த்தாள்.
நாலு இழுப்புக்கு ஒருதரம்
நரம்பைத் தட்டிக் காது வைப்பாளாம்.
சத்தம் திரும்பிய இடத்தில் கையை எடுத்துவிட்டாள்.
மலை போயிருந்தது. வானம், தலை, தோள் எல்லாம்.
கால்கள் மட்டும் மிச்சம்,
செருப்பில்லாமல், இன்னும் ஏறிக்கொண்டு.

சனிக்கிழமை எல்லவில்
வெள்ளைக்காரர் கஃபேயில் அதை வாசித்தாளாம்.
புதுப் பாட்டு. நான் கேட்கவில்லை,
சனிக்கிழமை எங்களுக்கு ஸ்டொக் வரும் நாள்.

திங்கள் காலை ஒரு பால்மா டின்னோடு வந்தாள்.
உள்ளே தேய்த்த தூள்.
"இந்தக் கலர் வேணும்."
"எதுக்கு அடிக்க?"
"தெரியாது. முதல்ல இருக்கட்டும்."

சார்ட்டைப் புரட்டினேன்.
ஆயிரத்துச் சொச்சம் நிறம், இது இல்லை.
சிவப்பு என்று தொடங்கினால் நீலத்தில் வழுக்கியது,
மண் என்று நினைத்தால் பித்தளை போலிருந்தது.
மெஷினை நிறுத்திவிட்டுக் கையால் கலந்தேன்,
துளி துளியாக, லைட் போடும்வரை.
மூன்று தரம் நகத்தில் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.
நாலாம் தரம் பேசவில்லை,
மூடியை அழுத்தி மூடினாள்.

பில்லில் நிறத்துக்கு நம்பர் போட வேண்டும்.
120 என்று எழுதினேன்.

மாதக் கணக்கு பார்க்கும்போதெல்லாம்
ஹாஜியார் அந்த இடத்தில் விரலை வைக்கிறார்.
இது என்ன நிறம் தம்பி?